நாட்டை அளந்த எருமை

எங்கள் கோணல்பட்டியில் யாரும் யாரையும் முட்டாள் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். முதலில் திரும்புகிறவன் நான்தான்.

ஒருநாள் அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. ‘நாம் பட்டம் ஏறி ஐந்து வருஷம் ஆகிறது. நம் ஆட்சியில் நாட்டின் செல்வநிலை முன்னேறியிருக்கிறதா என்று ஆராய்ந்து, உள்ளதை உள்ளபடி சொல்லும் ஊருக்கு ஒரு கிணறு வெட்டித் தரப்படும்.’

குடிதண்ணீருக்கு ஒரு மைல் நடந்து ஆற்றுக்குப் போகிறவர்கள் நாங்கள். இடுப்பில் குடத்தோடு நின்ற பேச்சியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

“அடுப்புல சோறு வேகுதான்னு பார்த்தாப் போதாதா?” என்றாள் பேச்சியக்கா.

“அது உன் அடுப்போட முன்னேற்றம். கேட்டது நாட்டோடது” என்றார் நாட்டாண்மை உலகப்பர். “செல்வம் எங்க இருக்கு? நாட்டுக்குள்ள. நாடு முன்னால நகர்ந்திருந்தா அதுவும் கூடவே நகர்ந்திருக்கும். எவ்வளவு தூரம்னு அளந்தாப் போச்சு.”

“முன்னாலன்னா எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று எல்லோரும் பாராட்டினார்கள். ராஜா கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார், ஆகவே நாட்டுக்கும் கிழக்கேதான் முகம் என்று முடிவாயிற்று.

இன்னொரு சிக்கல். நாடு நகர்ந்தால் நாமும் கூடவே நகருவோமே, எப்படித் தெரியும்? நாட்டைச் சேராத ஒன்று வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் அடுத்த ராஜ்யம். அங்கிருந்து ஓர் எருமை நீந்தி வந்து மேய்ந்துகொண்டிருந்தது. அதை ஓட்டிவந்து, ஊர்ப் பொதுவெளியான மந்தையில் நட்டிருந்த கல்லுக்கு நேராக நிறுத்தினோம். நான் கயிறு எடுத்தேன்.

“கட்டாதடா!” என்றார் உலகப்பர். “கட்டினா அது நம்ம நாட்டோட சேர்ந்துபோயிரும்.”

கட்டாமல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் எருமை கல்லுக்கு மேற்கே ஐம்பது அடி பின்தங்கி நின்றது. நாடு ஐம்பது அடி முன்னேறிவிட்டது! கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

பொழுது சாயும் நேரத்தில் எருமை ஆற்றைப் பார்த்துக் கிழக்கே நடக்க ஆரம்பித்தது. கல்லைத் தாண்டியும் நிற்கவில்லை. நாடு கண்ணெதிரே பின்னால் போகிறது, கிணறும் போகிறது! உலகப்பர் கொம்பைப் பிடித்துத் தள்ள, நான் வாலைப் பிடித்து மேற்கே இழுத்தேன். வாலுக்குக் கீழே நின்றதன் பலனையும் அனுபவித்தேன்.

அந்த நேரம் பார்த்து அரண்மனை அதிகாரி வந்து சேர்ந்தார். “என்னய்யா செய்றீங்க?”

“நாட்டை முன்னேத்துறோம் எசமான்!”

“சரி, முன்னேறிச்சா இல்லையா?”

உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். “மத்தியானம் வரைக்கும் முன்னேறிச்சு. இப்போ பின்னால போயிட்டிருக்கு” என்றேன்.

அதிகாரி அதை ஓலையில் குறித்துக்கொண்டார். “பத்து ஊர்ல கேட்டேன். எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. பின்னால போகுதுன்னு சொன்னது நீங்க மட்டும்தான். கிணறு உங்களுக்கே. எங்க வெட்டணும்?”

உலகப்பர் மந்தையைக் காட்டினார். பேச்சியக்கா பதறிவிட்டாள். “இங்க வேண்டாம் எசமான்! நாளைக்கே நாங்க முன்னேறிப் போயிட்டா கிணறு பின்னால கிடக்குமே. கிழக்கால, ஆத்துக்கு அந்தாண்ட தள்ளி வெட்டுங்க. நாங்க அங்க வந்து சேர்ந்துருவோம்.”

என்ன மூளை என்று ஊரே கை தட்டியது. அதிகாரி அக்கரை ராஜாவிடம் அனுமதி வாங்கி, இரண்டு மைல் தள்ளி வெட்டிக் கொடுத்தார். தினமும் ஆற்றை நீந்திக் கடந்து கிணற்றுக்குப் போய் வருகிறோம். கால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இன்று காலை கவனித்துப் பார்த்தேன், கிணறு கொஞ்சம் கிட்டே வந்த மாதிரிதான் இருக்கிறது.