இரட்டைக் குழலும் மருதியின் குரலும்

முன்னொரு காலத்தில், மலைகள் இப்போதைவிட உயரமாக இருந்த காலத்தில், பொன்னாவரை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அரண்மனையில் மருதி என்றொரு செவிலி. தாயில்லாத குட்டி இளவரசி பூவையை மடியில் போட்டு வளர்த்தவள் அவள்தான்.

ஒரு நாள் சடைக்காளன் என்ற மந்திரவாதி கோட்டை வாசலுக்கு வந்தான். கையில் வாளில்லை, வேலில்லை. இரண்டு குழல்களைச் சேர்த்துக் கட்டிய ஓர் இரட்டைக் குழல் மட்டும். அதை ஊதினான்.

யானைகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடின. காவலர்கள் தரையில் சுருண்டார்கள். எதற்குப் பயம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வயிற்றுக்குள் பயம், எலும்புக்குள் பயம், மூச்சுக்குள் பயம்.

"களஞ்சியச் சாவியைக் கொடு" என்றான். மன்னன் திருமாறன் கொடுத்தான்.

மறுநாளும் ஊதினான். வயிற்றுக்குள் பயம், எலும்புக்குள் பயம், மூச்சுக்குள் பயம். "ஆயுதங்களைக் கொடு" என்றான். மன்னன் கொடுத்தான்.

"நாளைக்கு உன் மகளைக் கொடு. அவள் மூச்சை அடைத்து மூன்றாவது குழல் செய்யப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மன்னன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். ஆனால் மருதி ஒன்றைக் கவனித்திருந்தாள்.

"அரசே, அவன் ஊதும்போது நடுவில் ஒரு குழல் மட்டும் சற்று நின்றது, பயமும் நின்றது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் இனிமைதான். உரசிக்கொள்ளும்போதுதான் பயம் வருகிறது."

"அதற்கு என்ன செய்ய முடியும்?"

"தெரியவில்லை. பிள்ளைகள் சண்டை போட்டால் நான் நடுவில் போய் உட்காருவேன். அப்படி ஏதாவது செய்து பார்க்கிறேன்."

விடிந்தது. சடைக்காளன் வந்தான், ஊதினான். மருதி பூவையை இறுக்கிக்கொண்டு உச்சக் குரலில் பாடினாள். பயம் இரட்டிப்பாகிக் குழந்தை வீறிட்டது. ஒரு குழலோடு ஒட்டிப் பாடினாள். பயம் அசையவில்லை. மந்திரவாதி ஊதியபடியே நெருங்கி, ஒரு கையால் குழந்தையின் காலைப் பிடித்தான். மருதியின் குரல் உடைந்து, தாழ்ந்து, அடிவயிற்றுக்கு இறங்கியது.

அந்தக் கீழ்க்குரலின் மேல் இரண்டு சுரங்களும் போய் அமர்ந்துகொண்டன. அதே குழல், அதே ஊதல். ஆனால் வெகுநாள் காணாத ஒருவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுபோல எல்லோருக்கும் நெஞ்சு விம்மியது.

மருதிக்கு மூச்சு முடிந்தது. உடனே பயம் பாய்ந்து வந்தது.

"அரசே, பாடுங்கள்."

"எனக்குப் பாட வராது."

"வராவிட்டால் முனகுங்கள்."

மன்னன் முனகினான். தரையில் கிடந்த காவலர்களும் முனகினார்கள். ஒருவர் மூச்சு முடியுமுன் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். சடைக்காளன் பலமாக ஊதினான். ஊத ஊத இனிமைதான் கூடியது. படீரென்று குழல் பிளந்தது. உள்ளிருந்து ஒரு பையனும் ஒரு பெண்ணும் விழுந்தார்கள். எலும்பும் தோலுமாக, கண்கூசியபடி. என்றோ மூச்சு அடைக்கப்பட்ட பிள்ளைகள்.

குழலில்லாத சடைக்காளன் வெறும் மனிதன். சாவியைப் போட்டுவிட்டு, காட்டுக்குள் ஓடியவன் திரும்பவே இல்லை.

"மருதி, என்ன வேண்டுமானாலும் கேள்" என்றான் மன்னன்.

"இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். எனக்கு உட்கார ஓர் இடம் வேண்டும், அரசே. கால் இன்னும் நடுங்குகிறது."

மன்னன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தான். மூன்று பிள்ளைகளும் அவள் மடியில் ஏறிக்கொண்டார்கள். சோறு வரும்வரை மன்னன் நின்றுகொண்டே இருந்தான்.