சிவப்புத் திரை

டர்ரென்று துணி கிழிபடும் சத்தம். தாயாரம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். அரண்மனையில் பழந்துணியைக்கூட யாரும் இப்படிக் கிழிப்பதில்லை.

கதவைத் தள்ளினாள். ராணி கோமளவல்லி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கத்தரி. சுற்றிலும் சிவப்புப் பட்டு.

"ராணிம்மா! இது உங்கள் வீதித் திரை இல்லையா?"

"நேற்றுவரைக்கும்."

ராணி வெளியே போனால் எட்டுப் பெண்கள் சுற்றிப் பிடித்து வரும் திரை அது. சிவப்பு தெரிந்ததும் ஆண்கள் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். வேலங்குறிச்சி வழக்கம். காவல்காரனுக்கும் விலக்கில்லை, திவானுக்கும் விலக்கில்லை.

தாயாரம்மாள் அரண்மனை அடுப்படியில் முப்பது வருஷம் வெந்தவள். தன்னைவிட இருபது வயது இளைய ராணியிடம் எழுத்துப் படித்தாள். இப்போது ராணி திறந்த பெண்கள் பள்ளியில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மா.

"திவான் சொல்லியனுப்பியிருக்கிறார். நாளைக்குப் பள்ளிக்கூட விழாவில் பரிசு கொடுக்க நீங்கள் திரைக்குள்தான் வரணுமாம். வெளியே முகம் தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. வாசலில் பூட்டோடு ஒருத்தன் இப்பவே நிற்கிறான்."

"நிற்கட்டும். வெயில் நல்லது."

"விளையாடாதீர்கள். திரைக்குள் வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பொய். வெளியே வந்தால் பள்ளிக்கூடமே இல்லை. எதைச் செய்ய? நீங்கள்தான் என் குரு, சொல்லுங்கள்."

ராணி துணியை உதறினாள்.

"என்னை இந்த ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தபோது ஒன்பது வயது. இதற்குள்தான் வந்தேன். வழியில் ஆறு இருக்கிறதா, அம்மா?"

"ரெண்டு இருக்கிறதே!"

"எனக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் தெரியும்."

தாயாரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம் பள்ளிக்கூடத்து வாயாடி வடிவுக்கு இடுப்பளவு என்ன?"

"இரண்டரைச் சாண் இருக்கும். எதுக்கு? ஐயோ, பாவாடையா தைக்கிறீர்கள்?"

"பதினெட்டு. நாளைக்குப் பிள்ளைகளை நடுவீதியில் நடத்திக்கொண்டு வருவேன். நானும் நடந்துதான்."

"பூட்டிவிடுவானே!"

"சிவப்பைக் கண்டால் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பணும். முதுகால் பூட்டத் தெரிந்தால் பூட்டட்டும்."

தாயாரம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது.

"அவன் திரும்பாவிட்டால்? வழக்கமாவது ஒன்றாவது என்று நிமிர்ந்து பார்த்துவிட்டால்? ஊரே பார்த்துவிட்டால்?"

"பார்க்கட்டும். அதற்குத்தானே தைக்கிறேன்."

தாயாரம்மாள் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ராணி பாதியில் விட்டிருந்த ஊசியைத் தானே எடுத்துக்கொண்டாள். வளர்கிற பிள்ளை என்று இரண்டு விரல் அளவு கூடுதலாக மடித்து, வடிவின் பாவாடைக்கு விளிம்பு தைக்கத் தொடங்கினாள்.