நுரைக்காத சங்கு

நண்டு படிக்க வந்த சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு.

சீடர் பெயர் கஸ்பார். தூத்துக்குடியில் முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். குரு கோமதி, நண்டு ஆராய்ச்சிக்காகத் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இரண்டாயிரம் ஜாடி நண்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவர். கோமதி கஸ்பாரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை டீச்சர் என்பார்.

கஸ்பார் கதை சொல்ல வாயைத் திறந்தால் போதும், அண்ணன் தொம்மை வந்துவிடுவான். அன்று காலையும் வந்தான். தொம்மையின் தூண்டிலில் ஒரு களவா மீன் மாட்டியதாம். அதைத் தூக்கிப் படகில் போட்டதும் கடல் ஒரு சாண் இறங்கிவிட்டதாம். முயல் தீவுக்கு ஜனம் செருப்பு நனையாமல் நடந்து போய் வந்ததாம். புது நிலம் முளைத்திருக்கிறதே என்று தாசில்தார் சங்கிலியோடு அளக்க வந்துவிட்டாராம்.

அந்த இடத்தில் கஸ்பார் கதையை நிறுத்தினார். எட்டு மாதமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டார்.

"இன்னைக்குப் பேர் வச்சிரலாமா டீச்சர்?"

பேருக்காகக் காத்திருந்தது ஒரு ஜாடிக்குள் இருந்தது. கஸ்பார் கடைசியாகக் கடலுக்குப் போனபோது, இருநூற்றைம்பது பாகம், அதாவது நானூற்றைம்பது மீட்டர் ஆழத்தில் இழுத்த வலையில் இறாலோடு இறாலாக ஏறி வந்தது. எலுமிச்சம்பழ அளவில் ஒரு சங்கு. பொன் நிறம். கரையில் காட்டினால் ஒருவரும் நம்பவில்லை. கஸ்பார் முலாம் பூசிக் கொண்டுவந்திருக்கிறார் என்றார்கள். கோமதி மட்டும் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். புதுச் சங்கு என்றால் நான் சொல்கிற பேரை வைப்பார்களா என்று கஸ்பார் கேட்டதற்கு, வைக்கலாம், முதலில் உற்றுப் பார்க்கப் படியுங்கள் என்றார். அன்றைக்கே கஸ்பார் சீடரானார்.

வைக்க நினைத்த பேர் தொம்மை. கஸ்பாருக்கு இருபது வயதாக இருந்தபோது கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. உடம்பு கிடைக்காததால் குழியும் இல்லை, கல்லும் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளில், ஊரே கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும். கஸ்பார் மட்டும் தன் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்பார், மெழுகு விரலில் வடியும்வரை. கல்லில் ஏறாத பேர் சங்கிலாவது ஏறட்டுமே.

கோமதி ஜாடியைத் திறந்தார். சங்கை எடுத்துத் தட்டில் வைத்தார். அலமாரியிலிருந்து வினிகர் பாட்டிலை இறக்கினார்.

"சங்கு எதுல ஆனது அண்ணாச்சி?"

"சுண்ணாம்பு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"வினிகர் பட்டா?"

"நுரைக்கும்."

கோமதி ஒரு துளி விட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். துளி, விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

வினிகர் பழசு என்றார் கஸ்பார். கோமதி பக்கத்தில் கிடந்த சிப்பி ஒன்றில் ஒரு துளி விட்டார். சுர்ரென்று பொங்கியது.

கஸ்பார் சிப்பியையும் பார்த்தார், சங்கையும் பார்த்தார். கோமதி ஒரு சின்னக் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். வெட்ட வேண்டாம் என்றால் இப்படியே ஜாடிக்குள் திரும்ப வைத்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை என்றார்.

"நான் பொய் சொல்லுவேன் டீச்சர். ஆனா பொய்யில அண்ணன் பேர எழுத மாட்டேன்."

கோமதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

கஸ்பாரே வெட்டினார். நகம் போல வெட்டுப்பட்டது. உள்ளே, சுருளுக்குள் சுருளாக ஒடுங்கி, சிவப்பாக ஒரு நண்டு கிடந்தது. வலது கொடுக்கு பெரிசு. வயிறு பால்வாடை மாறாத பிள்ளையின் உள்ளங்கை போல மெத்தென்று இருந்தது.

"துறவி நண்டு" என்றார் கஸ்பார், மெதுவாக.

பிறகு கோமதி சொல்லச் சொல்ல, கஸ்பார் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அந்த அறையில் ஓர் அதிசயம். கரையோரத் துறவி நண்டு வளர வளரப் பெரிய சங்கு தேடிக் குடி மாறும். வெளிச்சம் எட்டாத அந்த ஆழத்தில் பெரிய சங்குக்கு எங்கே போவது? அதனால் இந்த நண்டு முதுகில் ஒரு கடல்சாமந்தியை ஏற்றிக்கொள்கிறது. பூ மாதிரி விரியும் பிராணி அது. சங்கின் வாயோரம் சுருங்கிக் கிடந்த சதையை நத்தை என்று கஸ்பார் நினைத்தாரே, அதுதான். நண்டு ஒரு நெல்லளவு வளர்ந்தால் சாமந்தி தன் உடம்பில் சுரப்பதைக் கொண்டு வீட்டையும் ஒரு நெல்லளவு நீட்டிவிடும். கும்மிருட்டில், பார்க்க ஆளே இல்லாத இடத்தில், பொன் நிறத்தில். நண்டு சாகும்வரை வீடு மாறவேண்டாம். படித்த பெரிய மனிதர்களே ஒரு காலத்தில் இதைச் சங்கு என்று நம்பிப் பேர் வைத்திருக்கிறார்கள்.

கஸ்பார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர் சொன்ன கதைகளில் ஒன்றுகூட இந்த அளவுக்கு வந்ததில்லை.

கோமதி சுருளின் நுனியை ஊசியால் பிரித்தார். அங்கே எள்ளளவு ஒன்று வெள்ளையாக இருந்தது. ஊசி முனையில் வினிகரைத் தொட்டு அதில் வைத்தார்.

ஒரே ஒரு குமிழி வந்தது.

"இது நிஜச் சங்கு. நண்டு குஞ்சா இருக்கும்போது இதுலதான் புகுந்தது. மீதியெல்லாம் இதைச் சுத்திச் சாமந்தி நெய்தது."

கஸ்பார் அந்தக் குமிழி உடையும்வரை மூச்சு விடவில்லை.

கோமதி பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினார். நண்டின் கொடுக்கைப் படத்தோடு ஒப்பிட்டார், கால்களை எண்ணினார், வயிற்றடிக் குறுங்கால்களையும் எண்ணினார். நண்டுக்கு எப்போதோ பேர் வைத்தாகிவிட்டது. சாமந்திக்கும் பேர் இருந்தது. அட்டையில் அந்தப் பேர்களை எழுதி, வாழிடம் என்ற வரியைக் கஸ்பாரிடம் தள்ளினார்.

இருநூற்றைம்பது பாகம், சேற்றுத் தரை என்று கஸ்பார் எழுதினார்.

"அது கடலோட விலாசம். நண்டு எங்க இருந்துச்சு?"

கஸ்பார் அதற்குக் கீழே எழுதினார்: இன்னொரு உயிர் நெய்த வீடு.

பேனாவை மூடினார். "அப்ப எங்க அண்ணன் பேருக்கு எங்கயும் இடமில்ல. அப்படித்தானே டீச்சர்?"

கோமதி அந்த எள்ளளவுச் சங்கைத் தனிக் குப்பியில் போட்டுக்கொண்டே கேட்டார். "அந்தக் களவா மீன், நிஜத்துல எவ்வளவு இருந்துச்சு?"

கஸ்பார் இரண்டு கைகளையும் அகல விரித்தார். விரித்த கைகள் தாமாக நெருங்கின. இன்னும் நெருங்கின. ஒன்றரைச் சாணில் நின்றன.

"எனக்கு அம்மை போட்டு எழுந்த சமயம். ஆறு வயசு. அண்ணன் பிடிச்சிட்டு வந்து அவனே குழம்பு வச்சான். முள்ளு எடுத்து ஊட்டினான்."

ஒன்றரைச் சாணில் நின்ற கைகளை அவர் மடக்கவில்லை. கோமதி குப்பியை மூடி, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாசில்தார் சங்கிலியோட வந்தார்னு நிறுத்திட்டீங்க. போன மாசம் சொன்னப்ப தாசில்தாரே கிடையாது. உங்க அண்ணன் வீடு ஒரு நெல்லளவு நீண்டிருக்கு. அப்புறம் என்ன ஆச்சு அண்ணாச்சி?"