பின்னால் நின்ற குரல்

பாளையங்கோட்டையில் நாற்பது பேர் சேர்ந்த ஒரு பாடகர் குழு இருந்தது. மேற்கத்திய செவ்வியல் இசையை நோட்டுப் பார்த்துப் பாடுகிறவர்கள். ஆண்டுக்கு நான்கு கச்சேரி நடத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் வெளியூரிலிருந்து ஒருவரைத் தனிக்குரல் பாட அழைப்பார்கள். அந்த ஆண்டின் மூன்றாவது கச்சேரிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள் ரூபவதி.

ரூபவதிக்கு வயது நாற்பத்தாறு. ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பாடவைத்த குரல் அவளுடையது. இரண்டு வருடத்துக்கு முன் தைராய்டு கட்டிக்காகக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பேச்சு சீக்கிரமே திரும்பியது. பாட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது. உச்சச் சுரங்களை மட்டும் நம்ப முடியவில்லை. ஒருநாள் வரும், மறுநாள் வராது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்துக்கு மாட்டேன் என்று பதில் எழுத உட்கார்ந்தவள், வருகிறேன் என்று எழுதிவிட்டாள். இந்த மேடையில் குரல் உடைந்தால் இனி மேடையே ஏறுவதில்லை என்று யாரிடமும் சொல்லாமல் முடிவுசெய்துகொண்டு ரயிலேறினாள்.

கச்சேரிக்கு முந்தின நாள் ஒத்திகையிலேயே உடைந்தது. குழு முழுதும் அடங்கி, ஆர்கன் மட்டும் மெல்ல ஒலிக்க, அவள் ஒரே மூச்சில் மேலே ஏறி உச்சத்தில் நிற்க வேண்டிய இடம் அது. ஏறினாள். சுரம் கீறிக்கொண்டு சரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் தலையைக் குனிந்து நோட்டையே பார்த்தார்கள். அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

இடைவேளையில் மாடிப்படியில் தனியே நின்றிருந்தவளிடம் ஜெமிமா வந்தாள். குழுவில் முதல் வரிசையில் பாடுகிறவள். ரூபவதியைவிடப் பத்து வயது இளையவள்.

"அக்கா, நான் உங்களுக்கு நேர் பின்னாலதான் நிக்கேன். நாளைக்கு அந்த இடத்துல நானும் சேந்து பாடுதேன். நீங்க விழமாட்டீங்க. கேக்கிறவங்க யாருக்கும் தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

குழுவை நடத்தும் ஜெபசிங் மாஸ்டர் அப்போது மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார்.

மறுநாள் மாலை அரங்கு நிறைந்திருந்தது. பாட்டு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. குழு அடங்கியது, ஆர்கன் தணிந்தது. பின்னால் ஒருத்தி தாங்கப் போகிறாள் என்ற தைரியத்தில் ரூபவதி மூச்சை இழுத்தாள், ஏறினாள். சுரம் நின்றது. கூடத்தின் கூரைவரை போய், நடுக்கமில்லாமல், நிற்க வேண்டிய நேரம் முழுதும் நின்றது.  கைதட்டல் ஓய வெகுநேரமானது.

மேடைக்குப் பின்னால் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரூபவதி நேரே போய் ஜெமிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இழைஞ்சுது தெரியுமா உன் குரல்! எது உன்னுது, எது என்னுதுன்னு எனக்கே பிரிச்சுப் பார்க்க முடியல."

ஜெமிமா அவளையே பார்த்தாள். "அக்கா, நான் பாடவே இல்ல."

"என்ன சொல்றே?"

"மூச்சப் பிடிச்சு, வாயத் திறந்து தயாராத்தான் நின்னேன். உங்க தோளையே பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து அந்த இடத்துக்கு முன்னாலயே தோள் ரெண்டும் காதுக்கு ஏறிட்டு. இன்னைக்கு ஏறவே இல்ல. மூச்சு அடிவயித்துல இருந்து வந்துச்சு. பெறகு எதுக்கு நான்?"

பக்கத்தில் நின்ற மாஸ்டர் குறுக்கிட்டார். "நான்லா இடது கையக் காட்டி அவள நிறுத்துனேன். சனங்க உங்க குரலக் கேக்க வந்திருக்காங்கம்மா. மறைஞ்சு நின்னு இன்னொருத்தி பாடுறதுக்கு என்னால சம்மதிக்க முடியாது."

"உங்க கைய நான் பாக்கவே இல்லையே, மாஸ்டர்!" என்றாள் ஜெமிமா.

ரூபவதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அப்போ நான் விழுந்திருந்தா?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டாள். அவர்கள் வாய் திறப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விழவில்லையே! பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இரண்டு வருடமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை.

ரூபவதி ஊருக்குத் தெரியாமல் ஒரு துணைக்குரலுக்குச் சம்மதித்தாள். ஜெமிமா சத்தியம் செய்துவிட்டுப் பாடாமல் நின்றாள். மாஸ்டர் அந்தத் துணையைத் தடுக்கக் கை உயர்த்தினார். இந்த மூவரில் யார் செய்தது சரி? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: கேட்க வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்று மாஸ்டர் நினைத்தது நியாயம். ஆனால் அதை முந்தின நாளே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். பாடுகிறவளுக்குத் தெரியாமல், அவள் ஏறுகிற நேரம் பார்த்துப் பிடிமானத்தை எடுக்கப் போனது தப்பு. அந்தக் கை ஜெமிமாவின் கண்ணில் படாததால் அவர் பழியிலிருந்து பிழைத்தார். ரூபவதி பயத்தில் சம்மதித்தாள். அதை மன்னிக்கலாம், சரி என்று சொல்ல முடியாது. ஜெமிமா சொன்ன வார்த்தை தவறினாள்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கொடுத்ததே ரூபவதி விழக் கூடாது என்பதற்காக. கடைசி நொடிவரை அதற்குத் தயாராக நின்றாள். தேவையில்லை என்று கண்டதும் விலகிக்கொண்டாள். வலிய வந்த பாராட்டையும் வாங்கிக்கொள்ளாமல் உண்மையைச் சொன்னாள். ஆகவே சரியாக நடந்தவள் ஜெமிமா. இந்தத் தீர்ப்புக்கெல்லாம் ரூபவதி காத்திருக்கவில்லை. மறுநாள் காலை ரயில் கோவில்பட்டியைத் தாண்டியதும், எதிர் இருக்கைக்காரர்கள் திடுக்கிட்டுப் பார்க்க, அந்த உச்சச் சுரத்தை இன்னொரு தடவை வாய்விட்டுப் பாடிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை. சுரம் வந்தது.