வீடு கட்டாத காத்தாயி

சற்றே சத்தம் போடாமல் உட்காருங்கள், சொல்கிறேன். மலையடிவாரத்தை ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவரிடம் நிலம் ஏராளம் இருந்தது, உழுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஓர் ஆனி மாதம், பஞ்சம் பிழைக்க வந்த மூன்று குடும்பங்கள் அவர் வாசலில் நின்றன. காட்டோரத்தில் ஆளுக்கு ஒரு துண்டு தரிசும், ஒரு மூட்டை விதைச் சாமையும் கொடுத்தார் ராஜா. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"தை முதல் நாள் வருவேன். இந்த மண்ணில் விளைந்த தானியத்தைக் கொண்டு, இந்த மண்ணின் தண்ணீரில் பொங்கல் வைத்தவருக்கு நிலம் சொந்தம். வைக்காதவர் வந்த வழியே போகலாம்."

முதலாமவன் இருளப்பன், கௌரவம் பார்க்கிற ஆள். வீடு இல்லாதவனை எவன் மதிப்பான் என்று முதல் வேலையாக வாசல்நிலை வைத்தான். நிலை வைத்தால் உறவைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் சோறு போட வேண்டும். வந்த சனம் விதைச் சாமையையே வயிறாரச் சாப்பிட்டு, "வீடு பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

இரண்டாமவன் மாசாணம். மாடு என்றால் அவனுக்கு உயிர். பாதி விதையைக் கொடுத்து மாடுகள் வாங்கினான், மீதியை விதைத்தான். அவன் பால் கறந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் மாடுகள் அவன் பயிரைத் தின்றன.

மூன்றாவது, காத்தாயியும் அவள் புருஷன் வீரணனும். ஏற்கெனவே இரண்டு ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள். இதுவும் போனால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

வீரணனும் வீடு கட்டத்தான் துடித்தான். "இருளப்பன் நிலை வெச்சுட்டான். நாம ஓலைக்குக் கீழ கிடக்குறோம். சனம் சிரிக்குது, புள்ள."

"சிரிச்சா சிரிக்கட்டும். ராஜா வந்து வீட்டையா கேப்பாரு? பானையைத்தானே கேப்பாரு? பானை பொங்க என்ன வேணும்?"

"சாமை."

"சாமைக்கு?"

"தண்ணி."

"அப்ப மம்பட்டிய எடு."

மழைத்தண்ணீர் ஓடி வந்து சேரும் பள்ளத்தில் இருவரும் குட்டை வெட்டினார்கள். ஆடி மழையில் அது நிரம்பியது. அதன் பிறகு விதைத்தார்கள்.

காத்தாயி தப்பே செய்யாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலியை மறந்துவிட்டாள். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் காட்டுப்பன்றிகள் இறங்கி, ஒரே இரவில் எல்லாவற்றையும் உழக்கிவிட்டுப் போயின. காத்தாயி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீரணன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு முள் வெட்டப் போனான். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

நல்லவேளை, விதையில் பாதியை அவள் கட்டி வைத்திருந்தாள். முள்வேலி போட்டு, புரட்டாசியில் மறுபடி விதைத்தார்கள். ஐப்பசி மழை ஏமாற்றியது. குட்டைத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக் கதிரைக் காப்பாற்றினார்கள்.

தை பிறந்தது. ராஜா வந்தார்.

இருளப்பன் வீட்டு வாசலில் தோரணம் ஆடியது, பானை கொதித்தது. "இந்தச் சாமை எங்கே விளைந்தது?" என்று கேட்டார் ராஜா. "சந்தையில..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாசாணத்தின் பானையில் பால் பொங்கி வழிந்தது. "தானியம்?" என்றார் ராஜா. அவன் தன் மாடுகளைப் பார்த்தான். அவை அசைபோட்டுக்கொண்டிருந்தன.

காத்தாயியின் ஓலைச் சாய்ப்புக்குள் ராஜா குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. இலையில் அவள் வைத்த சாமைப் பொங்கலைச் சூட்டோடு சாப்பிட்டார்.

"ருசியாக இருக்கிறது. ஆனால் இத்தனை நாளில் ஒரு வீடு கட்ட முடியவில்லையா?"

"நிலம் எங்களுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மகாராஜா. நாளைக்கே நிலை வெச்சுடுறோம்."

ராஜா சிரித்தார். அந்த வார்த்தையைச் சொன்னார்.

சாயங்காலம் மாசாணம் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். இருளப்பனால் வீட்டை ஓட்டிக்கொண்டு போக முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தான். பாவம்தான், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

ஆகவே, புதிய மண்ணில் குடியேறுகிறவர்கள், எது இல்லாவிட்டால் மற்ற எதுவும் நிலைக்காதோ அந்த வேலையையே முதலில் செய்ய வேண்டும்.