பன்னிரண்டு உருப்படி அம்பாசடர்

வேப்பங்காட்டுப்பட்டியில் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னது சொன்னபடியே நடந்துவிடும். அதனால் ஊரில் யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

அது தெரியாத ஒருவர் வெளியூர்க்காரர். அவர்களுடைய ஒரே தங்கை பூவாத்தாளுக்கு மாமனாராக, அவர்களுக்குச் சம்பந்தியாக வரவிருந்தவர். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்:

"உங்க அப்பா மாப்பிள்ளையா ஊர்வலம் வந்த அம்பாசடர் உங்க கொட்டகையிலதான் கிடக்குதாம். அதே வண்டியிலதான் என் மகனும் மாப்பிள்ளை அழைப்புக்கு வரணும். இல்லேன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிடுவோம்."

பூவாத்தாளுக்கு முகம் வாடிப்போனது. மாப்பிள்ளையை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அண்ணன்களைப் பிறந்ததிலிருந்து தெரியும்.

வண்டி பதினெட்டு வருஷமாக ஓடவில்லை. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. மெக்கானிக் சர்புதீன் வந்து சுற்றிப் பார்த்தார். தன் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிற அவசரத்தில் இருந்ததால் சுருக்கமாகச் சொன்னார்:

"எல்லாத்தையும் கழட்டுங்க. எண்ணெயில ஊறப் போடுங்க, துரு விட்டுடும். கழட்டுற வரிசைப்படி நம்பர் எழுதி வச்சுக்குங்க. வரிசை மட்டும் மாறிடக் கூடாது."

கழற்றுவதில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளே நானூற்றுப் பதினாறு உருப்படிகள் முற்றத்தில் கிடந்தன. எண்ணெய் விஷயத்தில்தான் ஒரு சிக்கல் வந்தது.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதுன்னா ஆம்பளைக்குச் சனி, பொம்பளைக்கு வெள்ளி. வண்டி எதுல சேத்தி?" என்று கேட்டார் மூத்தவர் திருமேனி.

"சத்தம் போடுதுல்ல, ஆம்பளைதான்" என்றான் இரண்டாமவன் வைரக்கண்ணு.

"உன் பொண்டாட்டி போடாத சத்தமா?" என்றான் மூன்றாமவன் சடையன். "அஞ்சு பேரை வயித்துல வச்சுச் சுமக்குது. பொம்பளைதான்."

வெள்ளிக்கிழமை காலையில் இன்ஜினுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றினார்கள். சளி பிடிக்கக் கூடாதென்று சாம்பிராணிப் புகையும் காட்டினார்கள். ஒரு வாரத்தில் முன்பு துரு இல்லாத இடத்திலும் துரு வந்தது.

அதன் பிறகு பூட்டும் வேலை. திருமேனி நோட்டைப் பிரித்தார்.

"ஒண்ணாம் நம்பர், முன்பக்க இடது கதவு. மாட்டு."

வைரக்கண்ணு கதவைத் தூக்கி நின்றான். "எதுலண்ணே மாட்டுறது?"

"வண்டியிலதான்."

"வண்டி எங்கண்ணே?"

திருமேனி நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "பாடி நானூத்திப் பதினாறாம் நம்பர். கடைசியாத்தான் வரும்."

"அதுவரைக்கும்?"

"பிடிச்சுக்கிட்டு நில்லு. வரிசை மாறக் கூடாதுன்னு பாய் சொன்னாருல்ல?"

அப்படியே ஒன்றிலிருந்து நான்கு வரை கதவுகள், ஐந்திலிருந்து எட்டு வரை சக்கரங்கள். தம்பிகள் நால்வரும் ஆளுக்கொரு கதவைத் துண்டால் தோளில் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சக்கரத்தைக் கையில் பிடித்தார்கள். ஒன்பது ஸ்டியரிங், பத்து நம்பர் பிளேட். இரண்டையும் திருமேனி எடுத்துக்கொண்டார். பதினொன்று பின் சீட். பங்காளிகள் இரண்டு பேர் தூக்கினார்கள். பன்னிரண்டு ஸ்டெப்னி, நல்லமுத்து மாமா அதோடு டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றார். அதற்குமேல் பிடிக்க ஆள் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு நாளும் வந்துவிட்டது.

பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, இது ஓடுமா?"

"நாங்க ஓடினா ஓடும்மா" என்றார் திருமேனி.

சாயங்காலம் டவுன் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வண்டி வந்து நின்றது. சம்பந்தி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இது அதே வண்டிதானா?"

திருமேனி நெஞ்சில் கட்டியிருந்த நம்பர் பிளேட்டைக் காட்டினார். சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு சக்கரங்களை எண்ணினார். நான்கு சரியாக இருந்தது.

"அதே வண்டிதான். ஏறுடா" என்றார்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். திருமேனி வாயாலேயே ஹாரன் அடித்தார். ஊர்வலம் கிளம்பியது.

மண்டபத்துக்கு இன்னும் ஒரு தெரு இருக்கும்போது வைரக்கண்ணு காலில் முள் ஏறிவிட்டது. நொண்டினான்.

"முன்பக்க இடது பஞ்சர்" என்று அறிவித்தார் திருமேனி. வண்டி நின்றது. கனம் குறையட்டும் என்று மாப்பிள்ளையை இறக்கிவிட்டார்கள். நல்லமுத்து மாமா பின்னாலிருந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்து, வைரக்கண்ணுவின் கதவை வாங்கித் தோளில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். பஞ்சரான வைரக்கண்ணு தன் சக்கரத்தோடு டிக்கிக்குப் போனான்.

மாப்பிள்ளை திரும்ப ஏறினார். திருமேனி தொண்டையைச் செருமினார். இரண்டு தடவை செருமியும் வண்டி கிளம்பவில்லை.

"ஆறிப்போச்சு. யாராவது தள்ளினாத்தான்" என்றார்.

சம்பந்தி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வைரக்கண்ணு முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். நான்கடி போனதும் திருமேனிக்கு உறுமல் வந்தது.

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார் சம்பந்தி, பக்கத்தில் நடந்தவரிடம்.

பூவாத்தாள் மண்டப ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இறங்கினார். ஆரத்தி எடுத்தார்கள். அவள் அன்றுதான் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பந்தி போட்டார்கள். பெரியண்ணன் மட்டும் இலையில் உட்கார்ந்திருந்தார். பூவாத்தாள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். மற்றவர்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"சாப்பிட வாங்கண்ணே."

"எப்படிம்மா வர்றது?" என்றான் சடையன். "பெரியண்ணன் பூட்டிட்டுப் போயிட்டாரு."

அவள் உள்ளே போய்ச் சொன்னாள். திருமேனி பாயசத்தை முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்த சாவியால் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். தம்பிகள் மூவரும் மாமாவும் சீட்டைச் சுமந்த பங்காளிகளும் வெளியே வந்து சோம்பல் முறித்தார்கள்.

வைரக்கண்ணு மட்டும் வரவில்லை.

"டிக்கிக்கு வேற சாவி" என்றார் திருமேனி. "அது ஊர்ல, ஆணியில தொங்குது. காலையிலதான் ஆள் அனுப்பணும்."

ஆகவே வைரக்கண்ணுவுக்கு அங்கேயே இலை போட்டார்கள். வாசலில் பந்தல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவன் சாதத்தைத் தடவிப் பார்த்துப் பிசைந்தான்.

"பூவாத்தா, ஒரு டார்ச் லைட் இருந்தாக் குடும்மா" என்றான். "உள்ள ஒரே இருட்டா இருக்கு."