மூச்சுத் துளைக்குக் காவல் வந்த கதை

வளையிக்கு நடந்தது அநியாயம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை முடிகிற வரை கரடியின் பசியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். அவள் மூச்சு விடுகிற துளையை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், மூன்று பேர் கூடிப் பேசி ஒருவர் கையில் ஒப்படைத்தார்கள். அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. பொய் சொல்லத்தான் இன்னும் யாரும் பழகவில்லை. உலகத்தின் வட கோடியில், கடலே உறைந்து தரைபோலக் கிடக்கும் இடத்தில், பத்தொன்பது கடல்நாய்கள் ஒன்றாக இருந்தன. கடல்நாய் என்று பெயர் வைத்தது நாம். அவை யார் வீட்டு வாசலிலும் காவல் கிடந்ததில்லை. முதுகெல்லாம் வெளிறிய வளையங்கள், முகத்தில் மீசை, கையில் உறுதியான நகங்கள். அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி வளையி. அவளுடைய தங்கை சுழி.

பத்தொன்பது பேருக்கும் சேர்த்துப் பனியில் ஒரே ஒரு துளை. மீன் இருப்பது கீழே, காற்று இருப்பது மேலே. இரண்டுக்கும் நடுவில் அந்தத் துளை. விட்டால் மூடிக்கொள்ளும். அதனால் முறை வைத்திருந்தார்கள். முறைக்காரர் மற்றவர்களோடு மீன் பிடிக்கப் போகக்கூடாது. துளையிலேயே கிடந்து, ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பனிக்கு அடியில் ஒரே இருட்டு. மூச்சு முட்டுகிறவர் அங்கிருந்து "வழி எங்கே?" என்று கேட்பார். முறைக்காரர் "இங்கேதான், வா" என்று சொல்ல வேண்டும். மேலே வந்து சேர்ந்தவர் வாலால் பனியை இரண்டு தட்டுத் தட்டுவார். ஆள் வந்தாயிற்று என்று கீழே உள்ளவர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. வழி கேட்கிறவர் பகையாளியாக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். நேற்றுச் சண்டை போட்டாளே, இன்று கொஞ்சம் தவிக்கட்டும் என்று யாரும் வாயை மூடிக்கொள்ள முடியாது.

முறை என்பது தனிமை. மேலே காற்றைத் தவிர யாருமில்லை. கீழே பதினெட்டுப் பேரின் சிரிப்புச் சத்தம் மங்கலாகக் கேட்கும். யாராவது வழி கேட்டால்தான் பேச்சு.

ஒரு வருஷம், ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிற சூரியன் போக மனமில்லாமல் மேலும் இரண்டு மாதம் தங்கிவிட்டது. பனி மெலிந்தது. ஆள் உயரத்துக்கு இருந்தது முழங்கை அளவுக்கு வந்தது. நீளமாக ஒரு வெடிப்பு விட்டு, கடலுக்குக் குறுக்கே பாதை திறந்தது. அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

தெற்கிலிருந்து ஓர்கா திமிங்கிலம் வந்தது. அதன் முதுகுத் துடுப்பு அத்தனை உயரம். பனி இருந்தவரை அங்கே நுழைய முடிந்ததில்லை. மேற்குக் கரையிலிருந்து, வாயிலிருந்து இரண்டு நீளத் தந்தங்கள் தொங்க, பெருத்த உடம்போடு வால்ரஸ் வந்தது. கடலடிச் சேற்றில் சிப்பி கொட்டிக் கிடக்கிறது என்று அதற்குத் தகவல். கிழக்குக் கரையிலிருந்து பனிக்கரடி நடந்து வந்தது. மூவரும் ஒரு கரும்பாறையில் கூட்டம் போட்டார்கள். கரடி பாறை மேல், வால்ரஸ் பாதி மேலே பாதி தண்ணீரில், ஓர்கா பாறையோரம் தலையை நீட்டிக்கொண்டு.

அழைப்பு இல்லாமலே வளையி போனாள்.

"யாரம்மா நீ?" என்றது வால்ரஸ்.

"இங்கே இருக்கிறவள், பெரியவரே. நீங்கள் எல்லாம் வருகிறதுக்கு முன்னாலிருந்தே இருக்கிறவள்."

"உனக்குக் கரை எது?"

"கரை எதற்கு? நாங்கள் பனியில் இருக்கிறோம்."

வால்ரஸ் தன் தந்தத்தில் ஒட்டியிருந்த சேற்றை நிதானமாகப் பாறையில் தேய்த்தது. "கரை உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கூட்டத்தில் பேச்சு. பனி என்ன பனி? கொஞ்சம் விறைத்துப்போன தண்ணீர். நாளைக்கு உருகிவிட்டால் நீ எங்கே போவாய்?"

"அதைத்தான் கேட்க வந்தேன். உருகிவிட்டால் நாங்கள் எங்கே போவது?"

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அவள் கண் முன்னாலேயே பங்கு போட்டார்கள். கடலடி வால்ரஸுக்கு. நடுத் தண்ணீரும் பாதையும் ஓர்காவுக்கு. மேலே உள்ள பனி கரடிக்கு.

"துளை?" என்றாள் வளையி.

"என்ன துளை?"

"நாங்கள் மூச்சு விடுகிற துளை. அது பனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. உங்கள் மூன்று பங்கிலும் சேராது. அது எங்களுடையது."

ஓர்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. "துளை என்றால் ஒன்றும் இல்லாத இடம். ஒன்றும் இல்லாததற்கு இவள் உரிமை கேட்கிறாளே!"

வால்ரஸும் சிரித்தது. கரடி மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "சிரிக்காதீர்கள், பாவம்" என்றது. "தங்கச்சி, காலம் கெட்டுக் கிடக்கிறது. யார் யாரோ நடமாடுகிறார்கள். துளைக்கு நான் காவல் இருக்கிறேன். நீங்கள் நிம்மதியாக மீன் பிடியுங்கள்."

"யாரிடமிருந்து காவல், கரடியண்ணே?"

"வெளியாட்களிடமிருந்து. இந்த ஓர்கா மாதிரி."

"ஓர்கா உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறது? கூட்டமே அதோடுதானே நடக்கிறது?"

"உனக்கு அரசியல் புரியாது" என்றது கரடி.

வளையி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். ஆத்திரப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் யோசித்தார்கள்.

"நல்லதுதானே?" என்றது நகம் தேய்ந்த ஒரு ஆண் கடல்நாய். "என் கையைப் பார். சுரண்டிச் சுரண்டி என்ன மிச்சம்?"

"அவர் துளையை மூடிவிட்டால்?"

"மூடி அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? நீ எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுவாய், வளையி. மீன் வாயில் வந்து விழுந்தாலும், ஏன் விழுந்தாய் என்று கேட்பாய்."

எல்லாரும் சிரித்தார்கள். சுழி அருகே வந்து அக்காவின் கழுத்தில் மூக்கை வைத்தாள். "அக்கா, நான் பிறந்ததிலிருந்து நாம் பத்தொன்பது பேரும் ஒன்றாக நீந்தியதே இல்லை. எப்போதும் ஒருவர் மேலே தனியாகக் கிடக்கிறார். நீ மேலே இருக்கும்போது உன் நகச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் மீன் தின்கிறேன். தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீயும் கீழே வாயேன்."

வளையிக்கு எல்லா வாதத்துக்கும் பதில் வாதம் இருந்தது. தங்கை கேட்டதற்காக மட்டும் அவள் ஒத்துக்கொண்டாள்.

அன்றைக்கு முறை அவளுடையது. முறையை ஒப்படைக்கிறவர், ஏற்றுக்கொள்கிறவருக்கு வேலையைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். கரடிக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். சுரண்டுகிற விதம், வழி கேட்டால் சொல்ல வேண்டிய பதில், பகையாளிக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம், எல்லாம்.

"இங்கேதான், வா" என்று கரடி உறுமிப் பார்த்தது.

"அப்படி இல்லை, அண்ணே. தண்ணீருக்குள் போகும்போது குரல் முரட்டுத்தனமாகிவிடும். குழந்தைகள் பயந்துவிடுவார்கள். மெதுவாகச் சொல்லுங்கள். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுங்கள்."

"இங்கேதான், வா…"

"இன்னும் கொஞ்சம் மெதுவாக."

மூன்றாவது முறை கரடி சொன்னது அச்சாக அவள் குரலாகவே இருந்தது. வளையிக்குத் திருப்தி. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. அவள் செய்த ஒரே தவறு அதுதான். அதைத் தவறு என்று சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம். ஏமாந்தவளைக் குற்றம் சொல்வது சுலபம்.

பத்தொன்பது பேரும் ஒன்றாக இறங்கினார்கள். சுழி சுற்றிச் சுற்றி நீந்தினாள். அக்காவை இடித்தாள், மீனைப் பிடித்து விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள், சிரித்தாள். அதனால்தான் எல்லாருக்கும் முன்னால் அவளுக்கு மூச்சு முட்டியது.

"வழி எங்கே?" என்று கேட்டாள்.

"இங்கேதான், வா…" என்றது மேலேயிருந்து மென்மையான ஒரு குரல்.

சுழி மேலே போனாள். வளையி வாலின் தட்டுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தாள். தட்டு வரவில்லை. மறந்திருப்பாள், விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். நகம் தேய்ந்தவர் வழி கேட்டார், பதில் வந்தது, போனார். அவரும் தட்டவில்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. குரல் ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்தை இழுத்தது, அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

"போகாதீர்கள்!" என்று வளையி அலறினாள்.

பதினான்கு பேரும் பதினான்கு திசையில் சிதறினார்கள். இருட்டு. யாரும் யாரையும் வழி கேட்கவில்லை. இனிப் பதிலை நம்ப முடியாதே. தலை முட்டிய இடத்தில் அவரவர் பனியைக் கீழிருந்து பிராண்டினார்கள். பனி மெலிந்திருந்ததால் உடைந்தது. எந்த மெலிவு அந்த மூவரையும் கூட்டி வந்ததோ அதே மெலிவால் இவர்கள் பிழைத்தார்கள். அதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வளையி கரும்பாறைக்குப் போனாள். "ஐந்து பேர் போய்விட்டார்கள். என் தங்கை போய்விட்டாள்" என்றாள்.

வால்ரஸ் வாயில் சிப்பியோடு கேட்டுக்கொண்டிருந்தது. "ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஆனால் பனிக்கு மேலே நடப்பது கரடியின் உள்விவகாரம். நாங்கள் தலையிட்டால் ஒப்பந்தம் என்ன ஆவது?"

ஓர்கா, "நான் அந்த நேரம் பாதையில் இருந்தேன், பார்க்கவில்லை" என்றது. உலகத்தில் இரண்டாவதாகச் சொல்லப்பட்ட பொய் அது என்கிறார்கள்.

பிறகு சூரியன் போயிற்று. பனி திரும்பத் தடித்தது, பாதை மூடிக்கொண்டது. ஓர்கா தெற்கே போய்விட்டது. வால்ரஸ் தன் கரையில் போய்ப் படுத்துக்கொண்டது. பதினான்கு கடல்நாய்கள் மட்டும் அதே இடத்தில், ஒன்றுக்கொன்று தெரியாமல் கிடந்தன. வளையி ஐந்து துளைகளை வைத்துக்கொண்டாள். ஐந்தையும் ஒருத்தியாகவே சுரண்டினாள். எங்கோ தொலைவில் இன்னொரு நகத்தின் சத்தம் சில சமயம் கேட்கும். நம்மவராக இருக்கலாம். கூப்பிட்டுப் பார்க்க வாய் வராது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

ஐந்து துளைகளில் ஒன்றை மோப்பம் பிடித்துக் கரடி வந்து உட்கார்ந்தது. "இங்கேதான், வா…" என்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். அந்தக் குரல் அதற்கு இப்போது நன்றாகப் பழகியிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. அதனோடும் யாரும் பேசுவதில்லை. பாதை மூடியதும் கூட்டாளிகள் அதை மறந்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் கரடி தன் சொந்தக் குரலில் துளைக்குள் குனிந்தது.

"வளையி, இருக்கிறாயா? ஒரு வார்த்தை சொல்லேன். பகையாளிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது உங்கள் சட்டம்தானே?"

அவள் கீழேதான் இருந்தாள். தன் பெயரை இன்னொருவர் வாயில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதைச் சொன்னது கரடி என்று தெரிந்தும் உடம்பு ஒரு கணம் மேலே எழும்பியது. அப்புறம் அவள் மெதுவாகத் திரும்பி, இருட்டில் நெடுந்தூரம் நீந்தி, நான்காவது துளைக்குப் போய் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்தே பதிலையும் சொன்னாள்.

பனிக்கரடி துளையோரத்தில் வாய் திறக்காமல் மணிக்கணக்கில் தனியே உட்கார்ந்து கிடப்பதும், கடல்நாய் கூட்டத்தை விட்டு ஐந்தாறு துளைகளை ஒற்றையாகச் சுரண்டிக்கொண்டு யார் கூப்பிட்டாலும் பேசாமல் இருப்பதும் அன்று முதல்தான். ஏனென்றால் அந்தப் பனிவெளியில் கடைசியாகக் கேட்ட பேச்சு, திசை தெரியாமல் கரடியின் காதில் விழுந்த அந்தப் பதில்தான்:

"மூச்சுக்கு வழி கேட்பவருக்குத்தான் பதில் சொல்வது எங்கள் சட்டம். நீ கேட்பது வழியை இல்லை, என்னை. இருக்கிறேன், கரடி. எங்கே என்று நீயே உட்கார்ந்து பார்."